நோட்டில் வரைவது சமகாலக் கலையாகுமா?

வாசகர் கேள்வி: நான் திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள், ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்து நோட்டில் வரைந்து வருகிறேன். இதுவரை பதினொரு நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன. எல்லாம் பால்பாயின்ட் பேனாவில் வரைந்தவை. பூக்கட்டும் அப்பத்தாவின் கைகள், பேருந்தில் தூங்குகிறவர்கள், எங்கள் வீட்டுத் திண்ணை ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. சென்ற பருவத்து மதிப்பீட்டில் இந்த நோட்டுகளை வைத்தபோது, "இவை வெறும் ஸ்கெட்ச், இதில் சமகாலக் கலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். உடன் படிப்பவர்கள் நிறுவல் கலை (பொருட்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் கலை), வீடியோ என்று செய்கிறார்கள். கொச்சி பினாலே என்னும் சமகாலக் கலைக் கண்காட்சிக்குப் போய்வந்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. அங்கே பார்த்தவை எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் என் கை அந்தப் பக்கம் ஓடவில்லை. வரைவதை விட்டுவிட்டு நானும் அப்படிச் செய்யத் தொடங்க வேண்டுமா? நோட்டில் இருப்பவை எனக்கு மட்டும்தானா? ஏழாவது நோட்டிலிருந்து ஒன்பது பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஒன்பது பக்கங்களை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. கடிதத்தில் இருக்கும் குழப்பம் பக்கங்களில் இல்லை. ஆகவே பக்கங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தாளில் உங்கள் அப்பத்தாவின் இடது கட்டைவிரலை நான்கு முறை வரைந்திருக்கிறீர்கள். முதல் விரலில் நகம், ரேகை, கணுவின் சுருக்கம் எல்லாம் இருக்கின்றன. கண்ணில் பட்டதில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற பதற்றமும் இருக்கிறது. இரண்டாவதில் வாழைநார் சேர்ந்துகொள்கிறது. மூன்றாவதில் நகமும் ரேகையும் போய்விட்டன. விரல் நாரை அழுத்திப் பிடிக்கும் இடம் மட்டும் நான்கைந்து கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கறுத்து நிற்கிறது. நான்காவதில் விரலே இல்லை. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து, நார் சுற்றி வந்து இறுகுகிற அந்த இழுப்பு மட்டும் ஏழெட்டுக் கோடுகளாக இருக்கிறது. பூக்கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் அது இன்னதென்று தெரிந்துவிடும். பார்க்காதவருக்கும் எதுவோ இறுகுகிறது என்பது தெரியும். முதல் விரலை வரைந்தது பயிற்சி பெற்ற கை. நான்காவதை வரையும்போது அந்தக் கை யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. எந்த ஆசிரியர் கேட்டும், எந்தப் பாடத்திட்டத்துக்காகவும் நீங்கள் அதைச் செய்யவில்லை. உங்கள் கேள்விக்கான விடை அந்தத் தாளில் முதல் விரலுக்கும் நான்காவதற்கும் இடையில்தான் இருக்கிறது.

மதிப்பீட்டில் உங்களைக் கேட்டவர்கள் பயன்படுத்திய 'வெறும் ஸ்கெட்ச்' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வரைவது ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ முன்தயாரிப்பு, முடிந்த படைப்பு வேறெங்கோ இருக்கிறது என்பது ஐரோப்பியக் கலைக்கழகங்களிலிருந்து நமக்கு வந்த படிநிலை. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிதான் பிற்காலத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி ஆனது. அங்கும் வரைதல் நெடுங்காலம் கைத்தொழிலுக்கும் வடிவமைப்புக்கும் அடிப்படையாகவே கற்பிக்கப்பட்டது. அந்தப் படிநிலை உடைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1976-ல், முந்தைய இருபது ஆண்டுகளில் வரைந்த கோட்டோவியங்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அடுத்த ஆண்டு அதே நகரத்தில் வரைதலுக்கென்றே ஒரு மையம் தொடங்கப்பட்டது. இதற்கெல்லாம் முன்பே, காந்தி நூற்றாண்டான 1969-ல், ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தியைக் கறுப்பு மையில் நூறு கோட்டோவியங்களாக வரைந்து காட்டியிருக்கிறார். அவை எந்த வண்ண ஓவியத்துக்கும் முன்தயாரிப்பு அல்ல. கோடு எங்கே நிற்கிறதோ அங்கே படைப்பும் முழுமை பெற்றுவிடுகிறது. ஆகவே, வரைந்தது என்பதாலேயே ஒன்று சமகாலக் கலை ஆகாமல் போவதில்லை. வரைந்தது என்பதாலேயே ஆகிவிடுவதும் இல்லை. நீங்கள் யோசிக்க வேண்டியது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

உங்கள் கடிதத்தில் 'எனக்கு மட்டும்தானா' என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் உரியது வேறு, என்னிடமிருந்து மட்டுமே வரக்கூடியது வேறு. கே. ராமானுஜத்தின் பேனா ஓவியங்களை நீங்கள் அச்சிலாவது பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையென்றால் இந்த மாதமே தேடிப் பாருங்கள். சென்னைக் கல்லூரியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர் அவர். 1966-ல் சென்னையை அடுத்து சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அங்கே போய் வாழ்ந்தவர்களில் ஒருவர். முப்பதுகளின் தொடக்கத்திலேயே, 1973-ல், மறைந்துவிட்டார். தாளில் இடைவெளியே தெரியாதபடி பின்னிப் பின்னிப் போட்ட மைக்கோடுகளில் மாளிகைகளும் கோபுரங்களும் பாம்புகளும் பறக்கும் உயிர்களும் அடுக்கடுக்காக எழும். அவற்றின் நடுவே தொப்பி அணிந்த ஒரு சிறிய மனிதராக ராமானுஜமே இருப்பார். அதைவிடத் தனிப்பட்ட உலகம் வேறில்லை. ஆனால் அந்த உலகத்துக்குள் நுழைய அவருடைய வாழ்க்கை வரலாறு நமக்குத் தேவைப்படுவதில்லை. தன் கனவை அவர் சொல்லி முடித்துவிடாமல், ஒவ்வொரு சாளரமாக, ஒவ்வொரு படிக்கட்டாகக் கட்டியிருக்கிறார். கட்டிடம் என்று ஒன்று இருந்தால் மற்றவர்கள் உள்ளே வந்துவிட முடியும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர் ஓவியர் நஸ்ரீன் மொகமதி. 1937-ல் கராச்சியில் பிறந்து, 1972 முதல் பரோடாவில் ஆசிரியராக இருந்து, 1990-ல் மறைந்தார். உருவம் என்று எதுவுமே இல்லாமல், பென்சிலும் மையும் கட்டிட வரைவாளர்களின் கருவிகளும் கொண்டு மெல்லிய நேர்கோடுகளை மட்டும் தாளில் இழுத்தார். பெரும்பாலான படைப்புகளுக்குத் தலைப்போ தேதியோ வைக்கவில்லை. தம் நாட்குறிப்புகளிலும் எழுத்துகளை அடித்துக் கோடுகளாக்கி அந்தப் பக்கங்களையே ஓவியம்போல மாற்றினார். கடைசி ஆண்டுகளில் நரம்பு நோயால் உடல் ஒத்துழைக்காமல் போனபோதும் கோட்டின் துல்லியத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மறைந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2016-ல், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் புதிய கிளையைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று அவருடையதாக இருந்தது. தம் வாழ்வைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத கோடுகள் அவை. வேறு யாரும் போட்டிருக்க முடியாதவையும் கூட. தனிப்பட்ட வரைதல் என்றதும் தன் துயரத்தையும் தன் வீட்டையும் வரைவதுதான் என்று இன்றைய மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். எதை வரைகிறோம் என்பதைவிட எந்த அளவுக்குக் கூர்ந்து வரைகிறோம் என்பதில்தான் தனித்தன்மை இருக்கிறது என்பதை நஸ்ரீனிடம் கற்றுக்கொள்ளலாம்.

இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். கல்லூரியில் சேர்வதற்கு முன்பு, மதுரையில் சினிமா பேனர் வரையும் ஒரு கம்பெனியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஃபிளெக்ஸ் வராத காலம் அது. கையகல ஸ்டில் போட்டோவில் பொடிக் கட்டங்கள் போட்டு, இருபதடி நீளம் பத்தடி உயரத் துணியில் சுண்ணாம்புக் கயிறு அடித்து ஓரடிக் கட்டங்கள் போடுவோம். ஆக இருநூறு கட்டங்கள். ஆளுக்குச் சில கட்டங்களைப் பிரித்துக்கொண்டு சாரத்தில் நிற்போம். என் கட்டத்தில் இருப்பது கதாநாயகனின் தாடையா, பின்னால் இருக்கும் வாழைமரமா என்று யோசிக்க நேரமிருக்காது. கோடு கட்டத்தின் எந்தப் பக்கத்தில் நுழைந்து எந்தப் பக்கத்தில் வெளியேறுகிறது என்பது மட்டும்தான் கணக்கு. அளவு பார்க்கவும் பெரிய தூரிகையைப் பயமில்லாமல் இழுக்கவும் அங்கேதான் கற்றேன். அந்தப் பேனர் ஓவியர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இரவில் வேலை முடிந்ததும், கம்பெனியின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் வரைவேன். பெயின்ட் டப்பாவைத் தலைக்கு வைத்துத் தூங்கும் மாஸ்டர், காயப்போட்ட துணியின் மடிப்பு, அரைக்கால் சட்டையோடு சாரத்தில் சாய்ந்திருக்கும் பையன். கல்லூரியில் முதல் ஆண்டில் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "இந்தப் பழக்கத்தையெல்லாம் விட்டால்தான் நீ ஓவியனாவாய்" என்று ஓர் ஆசிரியர் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். நான் அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். பேனர் தொழில் மறைந்து, அந்தச் சாரமும் அந்த மனிதர்களும் இல்லாமல் போன பிறகு, அவற்றை வரைந்து வைத்திருந்த ஒரே கை என்னுடையது என்பது உறைத்தது. உங்கள் கடிதத்துக்கு இத்தனை விரிவாக எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி சமகாலக் கலை பற்றி. கொச்சியில் நீங்கள் பார்த்தவற்றைக் கண்டு விலகிப் போக வேண்டாம். பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்புங்கள். கயிறும் திரையும் புரொஜெக்டரும் இருப்பதால் ஒரு படைப்பு சமகாலக் கலை ஆவதில்லை. இந்தப் பொருள் ஏன், இந்த இடம் ஏன், பார்க்கிறவர் எங்கே நிற்கிறார், இதைச் செய்த கை யாருடையது என்ற கேள்விகளைப் படைப்பு தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சால் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞர் 1968 முதல் சுவரில் வரையும் படைப்புகளைச் செய்தார். பிற்பாடு அவர் எழுதிக் கொடுப்பது செய்முறை மட்டும். கோடு எந்தத் திசையில், எத்தனை இடைவெளியில் என்று அதில் இருக்கும். சுவரில் வரைவது வேறு ஆட்கள். கண்காட்சி முடிந்ததும் மேலே வண்ணம் பூசி அழித்துவிடலாம்; செய்முறை இருப்பதால் படைப்பு அழிவதில்லை. இதைக் கேட்டதும் உங்களுக்கு வாசல் கோலம் நினைவுக்கு வரும். '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை' என்று ஒரு வரி சொன்னால் போதும். 169 புள்ளிகள் வந்து உட்கார்ந்துவிடும், எந்த ஊர் வாசலிலும் அந்தக் கோலம் மறுபடி பிறக்கும், சாயங்காலத்துக்குள் அழிந்தும் போகும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்த ஒற்றுமை தெரிந்தவுடன் கல்லூரித் தரையில் கோலம் போட்டு, 'மரபும் சமகாலமும்' என்று தலைப்பிட்டு, ஒரு பக்கக் குறிப்பும் ஒட்டிவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கோலம் போடும் கைக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை, கோலத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிவதும் இல்லை. மல்லிகையையும் அப்படிச் செய்துவிடாதீர்கள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஊரின் அடையாளம் அது என்ற நினைப்பிலிருந்து தொடங்கினால் சுற்றுலாத்துறைச் சுவரொட்டியில் போய் நிற்பீர்கள். உங்கள் நான்காவது விரல் அடையாளத்திலிருந்து வரவில்லை, நார் இறுகுவதைப் பார்த்ததிலிருந்து வந்தது.

பாராட்டியதைப் போலவே குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதில் நான்கு பக்கங்கள் பேருந்தில் தூங்குகிறவர்கள். அவற்றில் உங்கள் கை தூங்குகிறது. சாய்ந்த கழுத்து, திறந்த வாய், தலைமுடிக்கு ஒரே மாதிரி குறுக்குக்கோட்டு ஷேடிங் என்று நான்கு பேரும் ஒருவரைப் போலவே இருக்கிறார்கள். பேருந்து வளையும்போது தூங்குகிறவரின் தலை எந்தப் பக்கம் எவ்வளவு தாமதமாகச் சாய்கிறது என்பதை ஒரு பக்கத்திலும் காணவில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக ஓடும். அது வரைவதுபோலத் தோன்றும். பதினொரு நோட்டுகளையும் மேசையில் அடுக்கிக் காட்டினால், இந்தப் பக்கங்கள் அந்தக் கட்டைவிரலை மூடிவிடும். மதிப்பீட்டில் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் ஆசிரியர்கள் தவறான சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், தேர்ந்தெடுக்காமல் முழுவதையும் கொண்டுபோய் வைத்தது உங்கள் பிழை. (தூங்குகிறவரை அவருக்குத் தெரியாமல் வரைவது சரியா என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.)

அடுத்த மதிப்பீட்டுக்கு நோட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, பூக்கட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பக்கங்களில் அது வரும் இடங்களையெல்லாம் காலவரிசையில் பாருங்கள். நான்காவது விரல்போல வேறு எங்காவது நிகழ்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றோ நான்கோ கிடைத்தால் அதுவே நிறைய. பிறகு, அந்த இழுப்பு எதைக் கேட்கிறது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் ஒரே தாளில் கரியால் வரைந்து, அதைப் படம் பிடித்து, கொஞ்சம் அழித்து, மாற்றி வரைந்து, மறுபடி படம் பிடித்து, 1989 முதல் வரைபடங்களிலிருந்தே திரைப்படங்கள் செய்துவருகிறார். அழித்த கோட்டின் சாம்பல் நிறத் தடம் தாளில் தங்கி, கடந்துபோன கணமும் கூடவே தெரியும். வரைவதை விட்டுவிட்டு அவர் வீடியோவுக்குப் போகவில்லை. அவர் வரைந்தது காலத்தைக் கேட்டது, ஆகவே திரைக்குப் போயிற்று.

உங்கள் கோடு நீளத்தைக் கேட்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சாயங்காலம் காகிதச் சுருளோடு அப்பத்தாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் ஒரு கண்ணி கட்டும்போது நீங்கள் ஒரு கோடு; அவர் நாரை இழுத்தால் உங்கள் பேனாவும் இழுக்கட்டும்; பேச்சுக்கு நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அவர் எத்தனை முழம் கட்டுகிறாரோ அத்தனை முழத் தாள் நிரம்பட்டும். விரைவில் உங்கள் கை வலிக்கும், அவருடைய கை எத்தனை ஆண்டுகளாக வலிக்கிறது என்பதும் அப்போது தெரியும். கோட்டிலும் அது வரும். அந்தச் சுருளைச் சுவரில் நீளமாக மாட்டலாம், தரையில் பந்தாகவும் சுற்றி வைக்கலாம். நிறுவல் கலை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். இதை அப்படியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செய்துபார்த்துச் சரிவராவிட்டால், ஏன் சரிவரவில்லை என்பதை அடுத்த தாளே காட்டிவிடும். எதுவாக இருந்தாலும் அப்பத்தாவிடம் முதலில் கேளுங்கள். அவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல, கூலி வேலை; கண்காட்சியில் வைக்கப்போவதையும் சொல்லிவிடுங்கள், முடிந்தால் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

கலைஞர் குறிப்பு என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். அதை முடிவில் எழுதுங்கள். முதலில் எழுதினால், எழுதியதற்குப் பொருத்தமாகக் கை வரையத் தொடங்கிவிடும். என்ன பார்த்தீர்கள், எங்கே உட்கார்ந்து, எத்தனை நேரம், எது கைகூடவில்லை என்ற நான்கு விவரங்களை நல்ல தமிழில் எழுதினாலே போதும்.

பன்னிரண்டாவது நோட்டை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் படைப்பாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், அந்தக் கட்டைவிரலைப் போன்ற ஒரு தாள் மறுபடி அமையாது. அதில் தவறாக வரையவும், பாதியில் விடவும், ஒரே திண்ணையை நாற்பது முறை வரையவும் இடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, பழைய நோட்டுகளைப் பற்றி ஒரு வேலை. பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் மங்கும். அனுப்பிய படங்களிலேயே ஓரங்கள் பழுப்பாகத் தெரிகின்றன. பதினொன்றையும் ஒரு தகரப் பெட்டியில், ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். அதன் பழுப்பு நோட்டின் தாளிலும் ஏறும். ராமபாணப் பூச்சி வராமலிருக்க வசம்பைத் துணியில் முடிந்து ஒரு மூலையில் போடுங்கள். ஏழாவது நோட்டை மட்டும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமித்து வைத்துவிடுங்கள், இந்த வாரமே.

அன்புடன்,
உங்கள் ஓவிய ஆலோசகர், மதுரை